கொட்டகை நம்மது, கடன் நம்மது, கோழி மட்டும் கம்பெனியது!



கிணறு வற்றியது. தக்காளி பறிப்புக் கூலிக்கும் கட்டவில்லை. நகையை வைத்து, கடன் வாங்கி, கறிக்கோழிக் கொட்டகை போட்டோம். பல்லடம், உடுமலைப் பக்கம் வேர்விட்ட ஒப்பந்த முறை நம்ம திண்டுக்கல் சீமைக்கும் வந்தது. 'குஞ்சு தர்றோம், தீவனம் தர்றோம், நீங்க வளர்த்துக் கொடுத்தாப் போதும்' என்றார்கள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

படித்துப் பாருங்கள். பண்ணையாளர் கம்பெனியின் வேலையாள் அல்ல, 'சுயேச்சையான ஒப்பந்ததாரர்' என்ற கருத்தில் ஒரு ஷரத்து இருக்கும். கேட்கக் கௌரவமாத்தான் இருக்கு! ஆனால் எந்தக் குஞ்சு, எந்தத் தீவனம், எந்த மருந்து, எந்தத் தேதியில் கோழி பிடிப்பது, பேட்சுக்கும் பேட்சுக்கும் நடுவே எத்தனை நாள் கொட்டகை காலி, இவை எல்லாமே கம்பெனி முடிவு. இதில் நம்ம சுயேச்சை எங்கே இருக்கு? நஷ்டத்தில் இருக்கு! கரண்ட் பில், நார்த்தூள், கரி, தண்ணி, ஆள் கூலி, வங்கித் தவணை எல்லாம் நம்ம தலையில். வேலையாள் இல்லை என்பதால் பி.எஃப். கிடையாது, லீவு கிடையாது. முதலாளியும் இல்லை என்பதால் கோழி விலை ஏறினால் லாபமும் கிடையாது.

பக்கத்துச் சின்னாளபட்டி நெசவாளரைக் கேளுங்கள். தறி தன்னுடையது, பாவும் நூலும் முதலாளியுடையது, சேலைக்கு இவ்வளவு கூலி. நம்ம கதையும் அதேதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 குஞ்சு விட்டோம், 200 செத்தது என்று வையுங்கள். மிச்சம் 4,800 கோழி, தலா 2 கிலோ, மொத்தம் 9,600 கிலோ. வளர்ப்புக் கூலி கிலோவுக்கு 6 ரூபாய் என்றால் 57,600 ரூபாய். ஆனால் 'எஃப்.சி.ஆர். கூடிப்போச்சு, தீவனம் அதிகம் தின்னுருச்சு' என்று கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் பிடித்தால் 14,400 ரூபாய் போச்சு! குஞ்சு நோஞ்சானாக வந்தது யார் குற்றம்? தீவனத்தில் சத்து இல்லாதது யார் குற்றம்? தீவன மூட்டை இறங்கும்போது எடை போட்டோமா? கோழி ஏற்றும்போது தராசு யாருடையது? இந்த நாலு கேள்விக்கும் பதில் ஒப்பந்தத்தில் இருக்கணும். இல்லாவிட்டால் அது ஒப்பந்தம் இல்லை, அடிமைச் சாசனம்!

'படிச்சுப் பார்த்துக் கேள்வி கேட்டா குஞ்சு இறக்க மாட்டாங்களே' என்று பயப்படுகிறோம். நியாயமான பயம்தான். காலிக் கொட்டகைக்கும் வட்டி ஓடும். அதனால்தான் தனித்தனியாகக் கேட்காமல் சங்கமாகக் கேட்போம் என்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. வேளாண் விளைபொருளுக்கும் கால்நடைக்கும் சேர்த்து ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தைத் தமிழ்நாடு 2019-ல் கொண்டுவந்தது. அதன்படி பதிவு செய்த ஒப்பந்த நகல் உங்கள் பெட்டியில் இருக்கிறதா? இருப்பவர் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! மத்திய அரசு 2020-ல் ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்தத் தகராறுக்கு சிவில் கோர்ட்டுக்கே போகக் கூடாது, கோட்ட அதிகாரியிடம்தான் போகணும் என்றது. டெல்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் வெயிலிலும் பனியிலும் கிடந்த விவசாயிகள் 2021-ல் அதை ரத்து செய்ய வைத்தார்கள். நினைவிருக்கட்டும், கோர்ட்டுக்குப் போகும் உரிமையை அடியோடு பறிக்கும் ஷரத்து 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவுப்படி செல்லாது. ஆனால் மத்தியஸ்தர் ஷரத்து செல்லும். மத்தியஸ்தர் யார், எந்த ஊரில் விசாரணை என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அமெரிக்காவிலும் கோழி வளர்ப்பவரைச் 'சுயேச்சை ஒப்பந்ததாரர்' என்றுதான் எழுதினார்கள். அங்கேயும் கடன் விவசாயிக்கு, கோழி கம்பெனிக்கு. அந்த நாட்டு அரசே 2023-ல், மற்ற பண்ணையாளருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற விவரத்தைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் தரணும் என்று கம்பெனிகளுக்கு விதி போட்டது. அங்கே கேட்க முடிந்ததை இங்கே நாம் ஏன் கேட்கக் கூடாது?

நம் கோரிக்கைகள்:

1. ஒப்பந்தம் தமிழில் வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட்ட நகல் அன்றே நம் கையில் தர வேண்டும்.
2. எழுதாத பத்திரத்திலும் வெற்று செக்கிலும் கையெழுத்து வாங்குவதை நிறுத்து!
3. வளர்ப்புக் கூலியும் பிடித்தம் செய்யும் கணக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். கரண்ட், கூலி விலை ஏற ஏற வளர்ப்புக் கூலியும் ஏற வேண்டும்.
4. தீவனமும் கோழியும் நம் கண் முன்னே, முத்திரையிட்ட தராசில் எடை போட வேண்டும்.
5. கம்பெனி குஞ்சு விடாத நாளுக்கு நஷ்டஈடு தர வேண்டும்.
6. ஒப்பந்தங்களை அரசு பதிவு செய்து கண்காணிக்க வேண்டும்.

அதுவரை ஒரே முடிவு எடுப்போம். புது ஒப்பந்தத் தாள் வந்தால் அன்றே கையெழுத்து வேண்டாம். 'சங்கத்துல காட்டிட்டு வர்றேன்' என்று சொல்லுங்கள். உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறோம். ஒருவர் மறுத்தால் அவர் கொட்டகை காலியாகும். ஊரே மறுத்தால் கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வரும்!

படிக்காமல் கையெழுத்துப் போடோம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், காந்திகிராமம்