டெல்லிக்கும் கோட்டைக்கும் நடுவில் சேரி

கொரோனா ஆண்டான 2020-ல் மைய அரசு 'ஆத்மநிர்பார்' என்ற மீட்புத் திட்டத்தை அறிவித்தது. மாநிலங்கள் வாங்கும் கடனுக்கான வரம்பு, மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதமாக இருந்தது, அந்த ஒரு நிதியாண்டுக்கு 5 ஆனது. தாராளம்தான். ஆனால் அந்த அறிவிப்பின்படி, கூடுதலான இரண்டில் நிபந்தனையில்லாதது அரை சதவீதம். மீதி ஒன்றரைக்கு டெல்லி சொன்ன சீர்திருத்தம் செய்யணும்: ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு, தொழில் தொடங்க வசதி, மின் விநியோகம், நகராட்சி வருமானம்.

வங்கியில் கடன் மனு பார்க்கிறவன் நான். ஜாமீன் கேட்போம். உன் வீட்டு அடுப்பில் என்ன வேகணும் என்று சொல்லமாட்டோம். கடனும் வட்டியும் மாநிலத்துக்கு, அதிகாரம் டெல்லிக்கு என்றால் அது கூட்டாட்சி இல்லை. மாநில உரிமைக் குரலோடு நானும் நிற்கிறேன்.

ஆனால் தோழர்களே, அந்த நாலு நிபந்தனையில் சேரிக்கு ஒன்றாவது உண்டா? சிறப்பு உட்கூறுத் திட்டப் பணத்தைச் சேரிக்கே செலவழி என்று ஒரு வரி? கிடையாது. கோட்டையும் அதைக் கேக்கல.

நம் பிள்ளைகளின் கல்லூரி உதவித்தொகையைப் பாருங்கள். ஐந்தாண்டுத் திட்டம் முடியும்போதெல்லாம் பழைய செலவு மாநிலத்தின் தலையில் விழுந்தது. மையம் 60, மாநிலம் 40 என்ற பங்கீடு முடிவானது 2020 டிசம்பரில்தான். அதுவரை நீ கொடு, நான் கொடு என்ற இழுபறியில் மாட்டியது யாரு?

அம்பேத்கர் 1925-லேயே மாகாண நிதி பற்றித் தனி நூல் எழுதியவர். இந்தக் கணக்கு நமக்குப் புதுசில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். டெல்லியிடம் பங்கு கேட்கிற கோட்டை, நம் பங்கை முதலில் எண்ணி வைக்கட்டும். சுயாட்சி கோட்டை வாசலோடு நிற்கக்கூடாது, சேரிக்குள்ளும் வரணும்.