ஈரானுடன் பேச்சுவார்த்தை: நம்பிக்கையை உடைத்தது யார்?

ஈரானின் அணுசக்தித் திட்டம் குறித்த பேச்சுவார்த்தை என்றாலே, "ஈரானை நம்ப முடியுமா?" என்ற கேள்விதான் மேற்கத்திய ஊடகங்களில் முதலில் எழும். கேள்வியில் தவறில்லை. நடான்ஸ் செறிவூட்டல் ஆலை பற்றி 2002-ல் ஈரானின் எதிர்ப்பாளர்கள் சொல்லித்தான் உலகம் அறிந்தது. ஆனால் அதே கேள்வியை அமெரிக்காவைப் பார்த்து யாரும் கேட்பதில்லையே, ஏன்?

2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஈரான் யுரேனியத்தை 3.67 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டாது, 300 கிலோவுக்கு மேல் இருப்பு வைக்காது, ஆய்வாளர்களை அனுமதிக்கும். பதிலுக்குப் பொருளாதாரத் தடைகள் நீங்கும். ஐ.நா. பாதுகாப்புச் சபையும் இதை ஏற்றது. ஈரான் வாக்கைக் காப்பாற்றி வருவதாகச் சர்வதேச அணுசக்தி முகமை தொடர்ந்து அறிக்கை அளித்தது. இருந்தும் 2018 மே 8 அன்று டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறி, தடைகளை மீண்டும் சுமத்தினார். அதன் பிறகும் ஓராண்டு பொறுத்திருந்துதான் ஈரான் வரம்புகளை மீறத் தொடங்கியது. 2021-ல் செறிவூட்டல் 60 சதவீதத்தைத் தொட்டது.

2025 ஏப்ரலில் ஓமானின் மத்தியஸ்தத்தில் மீண்டும் பேச்சு தொடங்கியது. ஐந்து சுற்றுகள் முடிந்தன. ஆறாவது சுற்று ஜூன் 15 அன்று மஸ்கட்டில் நடக்க வேண்டும். ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. ஜூன் 22 அன்று அமெரிக்காவே ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் ஆகிய இடங்களில் குண்டு வீசியது. பேச்சுக்கு நாள் குறித்துவிட்டுத் தாக்கினால், அடுத்த அழைப்பை யார் நம்புவார்கள்?

இதனால் உலகம் பாதுகாப்பாகவும் ஆகவில்லை. ஈரான் முகமையுடனான ஒத்துழைப்பை நிறுத்தியது. 60 சதவீதம் செறிவூட்டப்பட்ட 400 கிலோவுக்கும் அதிகமான யுரேனியத்தை ஆய்வாளர்களால் நேரில் சரிபார்க்க முடியாத நிலை உருவானது. தாக்குதலுக்கு முன்பு அது அவர்களின் கண்காணிப்பில் இருந்த யுரேனியம்!

இஸ்ரேலோ அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. அதன் அணு நிலையங்களை முகமையின் கண்காணிப்பில் வைக்கும்படி பாதுகாப்புச் சபை 1981-லேயே 487-ஆம் தீர்மானத்தில் கோரியது. அதற்காக இஸ்ரேல் மீது தடை விதிக்கப்படவில்லை.

மற்ற நாடுகள் இதிலிருந்து என்ன பாடம் படிக்கும்? லிபியா 2003-ல் தன் திட்டத்தைக் கைவிட்டது. 2011-ல் நேட்டோ விமானங்கள் அதன் மீது குண்டு வீசின. வடகொரியா 2003-ல் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகியது, 2006-ல் அணுகுண்டைச் சோதித்தது. அதன் மீது யாரும் படையெடுக்கவில்லை.

அப்பாவி மக்களை ஊர் ஊராக அழிக்கும் ஆயுதம் எந்த நாட்டின் கையிலும் இருக்கக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு. அதற்குப் பேச்சுவார்த்தைதான் வழி. ஆனால் வாக்குறுதி இரு தரப்பையும் கட்டுப்படுத்த வேண்டும். ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்படும்போதே அபூ ஜந்தல் (ரலி) விலங்குகளுடன் தப்பி வந்து அடைக்கலம் கேட்டார். தோழர்கள் கலங்கி நின்றபோதும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்த வாக்குக்காக அவரைத் திருப்பி அனுப்பினார்கள். கசக்கும்போதும் காப்பாற்றப்படுவதுதான் உடன்படிக்கை.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியும் அல்ல. ஜூன் 23 இரவு கத்தாரின் அல் உதெய்த் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை வீசியது. தோஹாவில் பிள்ளைகளும் கணவன்மாரும் வேலை செய்யும் குடும்பங்களுக்கு அந்த இரவின் பதற்றம் தெரியும்.

எனவே அடுத்த முறை பேச்சுவார்த்தைச் செய்தி வரும்போது, ஈரான் எதை விட்டுக்கொடுக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டாம். அமெரிக்கா கையெழுத்திட்டுவிட்டுப் பின்வாங்கினால் அதற்கு என்ன தண்டனை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்போம். அது இல்லாத ஒப்பந்தம் அடுத்த போருக்கான கால அவகாசம் மட்டுமே.