கருகல் வாடையின் பிறப்பிடம்

மலைமேல் புகையைக் கண்டால் அங்கே நெருப்பு உண்டென்று அனுமானிக்கலாம் எனத் தர்க்க சாஸ்திரிகள் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் கண்ணுக்குப் புகை தட்டுப்படாமல் மூக்குக்கு மட்டும் கருகல் வாடை எட்டினால் அதன் ஸ்தானத்தை நிர்ணயிப்பது எப்படி என்பதற்கு அவர்கள் வைத்துப்போன திருஷ்டாந்தம் எதுவும் என் ஞாபகத்தில் இல்லை. அடுக்களையில் பாத்திரம் கழுவும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கையில் அத்தகைய வாடை கிளம்பிவிட்டால், வீட்டார் அனைவரும் ஏகமனதாக மிஷினின் மீதே பழியைப் போட்டுவிடுகிறார்கள். ஆய்க்குடியில் என் உறவினர் வீடொன்றில், குற்றாலத்துச் சாரல் ஊரெல்லாம் நனைத்துக்கொண்டிருந்த நாளில் நிகழ்ந்ததும் அதுவே.

ஆய்க்குடிக்கு இப்படியொரு மிஷின் வந்து சேர்ந்ததே ஒரு விசேஷந்தான். அனுமன் நதிக்கரையில் கோயில் கொண்டிருக்கும் பாலசுப்பிரமணியருக்கு நேர்ந்துகொண்டவர்கள் படித்துறைக் கல்லிலேயே பாயசத்தை ஊற்ற, பிள்ளைகள் அதை அப்படியே உண்டு களிக்கும் படிப்பாயசப் பிரார்த்தனை இவ்வூரில் பிரசித்தம். பாத்திரமும் வேண்டாம், விளக்குவாரும் வேண்டாம். அந்த பாக்கியம் அன்றாடச் சமையலுக்கு வாய்க்காதல்லவா? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஜோசபின் காக்ரன் என்னும் சீமாட்டி, வேலைக்காரர்கள் கழுவும்போது தம் பீங்கான் தட்டுகளின் விளிம்பு சிதைகிறதே என்று மனம் நொந்து, நீரைப் பீய்ச்சியடித்துக் கழுவும் யந்திரம் ஒன்றைக் கற்பித்து 1886-ஆம் ஆண்டில் அதற்குரிய உரிமையையும் பெற்றார். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அது பலருடைய பாராட்டைப் பெற்றது. நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் அதைத் திரும்பிப் பார்க்கத் தலைப்பட்டதோ, வேலைக்கு வருகிறவர்கள் வர இயலாமற்போன 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில்தான்.

இனி வாடைக்கு வருவோம். முதலில் அதை உணர்ந்தவர்கள் அந்த வீட்டு ஆச்சி. "ஏட்டி, அடுக்களைல என்னமோ கவிச்சி வாடை அடிக்குதே" என்று அவர்கள் மருமகளைக் கூப்பிட்டபோது, பரம்பரைச் சைவக் குடும்பத்தில் மீன் வாடைக்கு ஏது வழி என்று ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மருமகளின் அபிப்பிராயம், வோல்டேஜ் குறைந்து ஹீட்டர் எரிகிறது என்பது. வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் இழுக்கும் மின்சாரமும் கூடவே குறையும், கஷ்டமெல்லாம் மோட்டாருக்குத்தான் என்பதை எத்தனை முறை சொன்னாலும் நம் ஜனங்கள் நம்புவதில்லை. பெங்களூரிலிருந்து போனில் பேசிய பேரனோ, மோட்டார் காயில் போயிற்று, புது மிஷினே வாங்கிவிடலாம் என்று தீர்ப்பே அளித்துவிட்டான்.

மிஷினைச் சந்தேகிப்பது முற்றிலும் அநியாயம் என்று நான் வாதாடப் புறப்படவில்லை. ஹீட்டர் தொட்டிக்குள்ளேயே வெளிப்படையாகக் கிடக்கும் வகையில், தட்டிலிருந்து நழுவிய பிளாஸ்டிக் கரண்டி அதன்மேல் விழுந்து உருகுவதுண்டு. ஹீட்டர் அடித்தளத்துக்குள் மறைந்திருக்கும் வகையில் அந்த அபாயம் மிகக் குறைவு. எலுமிச்சை விதையோ கறிவேப்பிலைக் காம்போ தேங்காய் நாரோ வடிகட்டியைத் தாண்டிப் போய், கழிவுநீரை வெளியேற்றும் பம்பில் சிக்கிக்கொண்டால், அது சுற்ற மாட்டாமல் சூடேறி ரப்பர் தீய்ந்த நெடியைக் கிளப்பும். உற்பத்தியிலேயே தோஷம் நேர்வதும் உண்டு: பாத்திரம் பளிச்சென்று காய்வதற்காக ஊற்றப்படும் திரவம் கசிந்து உள்ளே இருக்கும் வயர்களில் பட்டுத் தீ மூட்டக்கூடும் என்று கண்டு, அமெரிக்காவின் மேடேக் கம்பெனி 2007-ஆம் ஆண்டில் சுமார் 23 லட்சம் மிஷின்களைத் திரும்ப அழைத்தது.

ஆயினும் நம் பக்கத்து வீடுகளில், மிஷினைக் கழற்றுவதற்கு முன் சுவரைப் பார்ப்பதே உத்தமம் என்பது என் துணிபு. இரண்டு பல்புக்கும் ஒரு மின்விசிறிக்குமாக ஒரு காலத்தில் வயர் இழுக்கப்பட்ட வீட்டில், பிறகு மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது, பிரிட்ஜ் வந்தது. சுவருக்குள் இருந்த வயர் மட்டும் அதே வயர். நீரை 65, 70 டிகிரி வரை காய்ச்சும் இந்த மிஷினின் ஹீட்டர் ஏறத்தாழ 2,000 வாட் இழுக்கிறது. 230 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. இதன் பெரிய மூன்று முள் பிளக் 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டுக்கென்றே ஏற்பட்டது. உறவினர் வீட்டிலோ, கடைவீதியில் கிடைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைச் செருகி, 6 ஆம்பியர் சாக்கெட்டின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றியிருந்தார்கள். அந்தச் சாக்கெட்டின் பித்தளை நாக்குகள் தளர்ந்து, சாரல் ஈரத்தில் களிம்பும் ஏறி, இணையும் இடத்தில் அரை ஓம் தடை உண்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் உஷ்ணம் கிடைக்கும் என்று ஜூல் 1841-இல் வெளியிட்ட விதிப்படி, ஏறத்தாழ 38 வாட் உஷ்ணம் ஒரு சிட்டிகை இடத்துக்குள் அடைபட்டு நிற்கும்.

ஆச்சியின் மூக்கு பொய் சொல்லவில்லை என்பது இங்கேதான் விளங்கிற்று. சுவிட்சும் சாக்கெட்டும் செய்யப் பயன்படும் யூரியா பார்மால்டிஹைடு என்ற பிளாஸ்டிக் அளவுமீறிச் சூடேறினால் அமீன் என்னும் வர்க்கத்து வாயுக்களை வெளியிடும். மீன் நாற்றத்துக்குக் காரணமாய் இருப்பவையும் அதே வர்க்கத்தைச் சேர்ந்தவை. வயர்மேன் வந்து மெயினை அணைத்து, மூடியைக் கழற்றிக் கறுத்துப்போன துவாரங்களைக் காட்டி, "மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல ஆச்சி, எல்லாம் இந்தச் சாக்கெட் பண்ணுன வேலை" என்றார்.

"அப்படின்னா டிரிப் ஆகியிருக்கணுமே?" என்று மருமகள் கேட்டது நியாயமான கேள்வி. எம்.சி.பி. என்பது மின்சாரம் அளவுக்குமேல் ஓடினால்தான் விழும், ஈ.எல்.சி.பி.யோ மின்சாரம் பூமிக்குக் கசிந்தால்தான் விழும். தளர்ந்த இணைப்பில் இவ்விரண்டும் நிகழ்வதில்லை. மின்சாரம் தன் அளவிலேயே, தன் வழியிலேயே போய்க்கொண்டிருக்க, போகும் பாதையில் ஓரிடம் மாத்திரம் வெந்துகொண்டிருக்கும். அங்கே வீட்டுக்கு வாய்த்த காவல் மனிதனுடைய நாசி ஒன்றே. அந்த நாசி ஒரு கிழவியினுடையது என்பதற்காக அதை அலட்சியம் செய்கிறோம்.

பரிகாரம் சுருக்கமானது. மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரைத் தனியாக இழுத்து, அதற்கென்று ஓர் எம்.சி.பி.யும், எர்த்தோடு கூடிய 16 ஆம்பியர் சாக்கெட்டும் பொருத்திக் கன்வெர்ட்டரைக் குப்பையில் போட்டார்கள். மிஷின் ஓடி முடித்ததும் சுவிட்சை அணைத்து, ஈரமில்லாத கையால் பிளக்கின் உடலைத் தொட்டுப் பார்க்கும்படியும், இளஞ்சூடு என்றால் பாதகமில்லை, கை வைக்கப் பொறுக்காத சூடென்றால் உடனே தம்மைக் கூப்பிடும்படியும் வயர்மேன் சொன்னார். கவிச்சி பட்ட அடுக்களைக்குத் தீட்டுக் கழிக்க ஆச்சி ஒரு செம்பு மஞ்சள் நீரோடு தயாராக நின்றார்கள். தரையில் தெளித்துக்கொள்ளலாம், சுவரில் மட்டும் வேண்டாம் என்று வயர்மேன் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதை, சிறிது யோசித்த பின்பே ஆச்சி அங்கீகரித்தார்கள்.