29 நிமிடம் 59 விநாடி... கேமரா ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம். முன்வரிசையில் ட்ரைபாட் போட்டு, கேமராவில் ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு நிம்மதியாக உட்கார்கிறார் அப்பா. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் எல்லாம் முடிந்து வர்ணம் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால், வர்ணம் ஆரம்பித்த சில நிமிடங்களில் வீடியோ நின்றுபோயிருக்கிறது. பேட்டரி இருக்கிறது, கார்டில் இடமும் இருக்கிறது. பிறகு என்ன ஆனது?

பழுது இல்லை, வரி!

பல டிஜிட்டல் கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தானாகவே நின்றுவிடும். 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்தால், ஐரோப்பிய யூனியனின் முந்தைய விதிப்படி அது ‘வீடியோ கேமரா’ கணக்கில் வந்தது. அப்போது அதற்கு இறக்குமதி வரி கட்ட வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்கவே நிறுவனங்கள் ஒரு விநாடி முன்னதாக நிறுத்தின. அதே கேமராக்கள்தான் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்தன. சமீபத்திய மாடல்கள் பலவற்றில் இந்தத் தடை இல்லை. உங்கள் கேமரா எப்படி என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

நிறுத்தும் மற்ற காரணங்கள்

சூடு: 4கே-யில் தொடர்ந்து எடுத்தால் கேமரா கொதித்து, தானே அணைந்துவிடலாம். முழு நிகழ்ச்சிக்கு ஃபுல் ஹெச்டி போதும்.

4 ஜிபி: 32 ஜிபி வரையிலான கார்டுகளில் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்ட முடியாது. கேமரா அடுத்த ஃபைலுக்குத் தானே மாறிவிடும். சில பழைய மாடல்கள் அங்கேயே நின்றுவிடும்.

இடம்: விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 22 ஜிபி ஆகும். இரண்டரை மணி நேர நிகழ்ச்சிக்கு 64 ஜிபி இழுபறிதான்; 128 ஜிபி எடுத்துச் செல்லுங்கள். ‘வி30’ என்று அச்சிட்ட கார்டு நல்லது. கையில் இன்னொரு பேட்டரியும் இருக்கட்டும்.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் கைதட்டும் நேரத்தில் நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். முக்கியமாக, வர்ணத்துக்கு முன்பு இதை மறக்கவே கூடாது. அரங்கேற்றத்தில் மிக நீளமான உருப்படி அது. அரை மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. நடுவில் கேமரா நின்றால் உடனே அழுத்த ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து ஒரு செல்போனிலும் பதிவு செய்தால், விடுபட்ட சில விநாடிகளை அதிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம். போனை ‘ஏரோப்ளேன் மோடில்’ போட்டுவிடுங்கள்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு, வீட்டில் மின்விசிறியைப் பார்த்தபடி கேமராவை வைத்து ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். எங்கே நிற்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். மின்விசிறியை மறுபடி படம் பிடிக்கலாம். மகளின் முதல் வர்ணத்தைப் பிடிக்க முடியாது.