சங்கிலியைக் கழற்றாதீங்க!

லண்டன் மாநகரின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது ரிச்மண்ட் பூங்கா. பூங்கா என்றதும் நாலு பெஞ்சு, ரெண்டு ஊஞ்சல் என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தம் 2,500 ஏக்கர்! உள்ளே சுமார் 630 மான்கள். கூண்டு கிடையாது. கட்டி வைப்பாரும் கிடையாது. இஷ்டம்போல் மேய்கின்றன. அதே புல்வெளியில்தான் லண்டன்வாசிகள் தங்கள் நாய்களைக் கூட்டிக்கொண்டு தினமும் உலாவுகிறார்கள்.

மற்ற மாதங்களில் எப்படியோ காலம் ஓடிவிடுகிறது. இலை உதிரும் காலம் வந்தால்? அங்கேதான் வம்பு!

மாப்பிள்ளைக் கோலம்

செப்டம்பர் கடைசியிலிருந்து மான்களுக்கு இணை தேடும் பருவம். ஆண் மான்களுக்குக் கண் மண் தெரியாது. தொண்டை கிழியக் கத்துகின்றன. காய்ந்த பெரணிச் செடியைக் கொம்பில் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை முறுக்கோடு திரிகின்றன. பெண் மான்களை வளைத்துக் காவல் காக்கின்றன. போட்டிக்கு எவன் வந்தாலும் கொம்போடு கொம்பு மோதல்தான். மேய்ச்சல்கூட மறந்துபோய், பருவம் முடிவதற்குள் இளைத்துத் துரும்பாகிவிடுகின்றன.

இந்த நேரம் பார்த்துக் கூட்டத்துக்குள் ஒரு நாய் பாய்ந்தால்? ஒன்று, மான்கள் மிரண்டு ஓடும். பூங்காவுக்குள் கார் போகும் சாலைகள் உண்டு. ஓடுகிற மான் இடம் வலம் பார்க்குமா? இல்லையென்றால், ஆண் மான் திரும்பி நின்று கொம்பை நீட்டும். அப்புறம் நாயின் கதி என்ன? தடுக்கப் போன எஜமானரின் கதிதான் என்ன?

‘நம்ம நாய் சாதுங்க!’

சங்கிலியைக் கழற்றிவிடுகிற எல்லோரும் சொல்கிற ஒரே பதில் இது. “நம்ம நாய் சாதுங்க... கூப்பிட்டா ஓடி வந்துடும்!”

வருமா? 2011 நவம்பரில் உலகமே பார்த்ததே! பென்டன் என்ற கறுப்பு லாப்ரடார் நாய் இதே பூங்காவில் மான் மந்தையை விரட்டியது. மந்தை சாலையைத் தாண்டிப் பாய்ந்தது. பின்னாலேயே எஜமானர் “பென்டன்! பென்டன்!” என்று அலறிக்கொண்டு ஓடினார். நாய் திரும்பிப் பார்த்தால்தானே? ஒரு சிறுவன் எடுத்த அந்த வீடியோவைப் பார்த்து லட்சக்கணக்கானவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் 2020 அக்டோபரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதே பூங்காவில் இன்னொரு நாய் ஒரு மானை விரட்டிக் குதறியது. காயம்பட்ட மானைப் பிழைக்க வைக்க முடியவில்லை. அதன் உயிரை முடித்துவைக்க வேண்டியதாயிற்று. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. நாயின் சொந்தக்காரருக்கு அபராதம். பணம் கட்டியாச்சு. போன உயிர் வந்ததா?

அந்த நாயைக் கெட்ட நாய் என்று யாரும் சொல்லவில்லை. துரத்துவது நாயின் ரத்தத்தில் ஊறியது. ஆயிரம் தடவை கூப்பிட்டதும் வந்த நாய், ஆயிரத்து ஓராவது தடவை மான் வாசனை பிடித்தால் காது கேட்காத நாய்தான்!

வாங்கிக் கொடுத்த உரிமை

“நாய் ஓடி விளையாட வேண்டாமா? பொதுப் பூங்காவில் எங்களுக்கு உரிமை இல்லையா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த உரிமை லேசில் வந்ததல்ல. வேட்டையாடுவதற்காக 1637-ல் முதலாம் சார்லஸ் மன்னர் சுவர் எழுப்பி வளைத்த இடம் இது. பின்னாளில் அரசகுமாரி அமீலியா ஜனங்களை உள்ளே விடாமல் கதவைச் சாத்தினார். ஜான் லூயிஸ் என்ற பீர் வடிக்கும் தொழில்காரர் துணிந்து வழக்குப் போட்டு 1758-ல் ஜெயித்தார். அரண்மனையை எதிர்த்து ஒரு சாமானியர் வாங்கிக் கொடுத்தது மனிதர் நடந்து போகும் உரிமை. நாய் மானைத் துரத்தும் உரிமை அல்ல!

மே முதல் ஜூலை வரை, மான்கள் குட்டி போடும் காலத்தில், நாய்க்குச் சங்கிலி கட்டாயம் என்று பூங்கா நிர்வாகம் விதி வைத்திருக்கிறது. மானுக்கு 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள் என்றும் சொல்கிறது. 50 மீட்டர் என்பது மனிதருக்குத் தெரியும். அவிழ்த்துவிட்ட நாய்க்குத் தெரியுமா?

ஆகவே அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையிலும் பூங்கா வாசலில் கையில் பிடித்த சங்கிலி, வெளியே வரும்வரை கையிலேயே இருக்கட்டும். நாய் ஓடியே தீர வேண்டும் என்றால், மான் மந்தை மேயாத விம்பிள்டன் காமன் பக்கத்திலேயே இருக்கிறது. பத்து நிமிஷம் கூடுதலாக நடந்தால் குறைந்தா போய்விடும்?

ராஜா போனார். அவரது வேட்டை நாய்களும் போயின. மூன்று மாதம் சங்கிலி பிடிக்கச் சோம்பல்பட்டு, அந்த வேட்டையை மறுபடி ஆரம்பித்து வைக்கலாமா?

நாய் நன்றியுள்ளது என்பார்கள். நன்றி நாய்க்கு இருக்கிறது. பொறுப்பு எஜமானருக்கு இருக்கட்டும்!