கூத்துக்கு வந்த கூடாரம்

வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "எங்க ஊர்ப் பக்கம் பாரதக் கூத்து. விடிய விடிய நடக்கும். மைதானத்துலதான் படுக்கை, வர்றியா?"

ஆபீஸ் நண்பன் மலையேறுகிற ஜாதி. சனிக்கிழமை சாயங்காலம் காவேரிப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். முதுகில் நீல நிற மூட்டை. டென்ட்டாம்!

பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் வரும் ஏரி எங்களுடையது. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. "இது கடலா?" என்றான் சென்னைக்காரன். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஏரியைத் தாண்டி ஒரு கிராமம். திரௌபதி அம்மன் கோயில் எதிரே கொட்டகை. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. வட ஆற்காட்டுப் பக்கம் அறுவடை முடிந்த கோடையில் இதுதான் எங்களுக்கு ஃபெஸ்டிவல். அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-லும் 1991-லும் ரெண்டு தடித் தொகுதிகள் போட்டார். நாம பாய் போட்டுத் தூங்கினோம்.

பாய், போர்வைகளுக்கு நடுவே டென்ட் எழுந்தது. பின்னாலிருந்து ஒரு பாட்டி, "யாருப்பா அது? மறைக்குது பாரு! இன்னா, சர்க்கஸா?" என்றாள். சிரித்துச் சமாளிப்பதற்குள் கட்டியங்காரன் பார்த்துவிட்டான். கூத்தில் அவனுக்கு மட்டும் எதை வேண்டுமானாலும் பேச லைசென்ஸ் உண்டு. "ராஜாவே! பாண்டவருங்க வனவாசம் முடிஞ்சும் குடிசையைக் காலி பண்ணாம போயிட்டாங்க போல!" முகவீணைக்காரரே ஊதுவதை நிறுத்திச் சிரித்தார். டென்ட்டைக் கழற்றி ஓரமாக நட்டோம். ரெண்டு பேர் படுக்கும் அதில் ஆறு பொடிசுகள் புகுந்துகொள்ள, நண்பன் எங்கள் பாய்க்கு வந்தான்.

1969-ல் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் இசைவிழாவுக்கு நாலு லட்சம் பேர் போய், சாப்பாடு பற்றாமல், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சாண்ட்விச் செய்து அனுப்பவேண்டி வந்தது. எங்கம்மா மாதிரி ஒருத்தரைக் கேட்டிருந்தால் அந்த அவமானம் வந்திருக்காது. புளிச்சோறுக்கு அரிசியைக் கொஞ்சம் விறைப்பாக வடிப்பாள். தாம்பாளத்தில் கொட்டி நன்றாக ஆறிய பிறகே, நல்லெண்ணெய் மிதக்கும் புளிக்காய்ச்சல். வெங்காயம், தேங்காய் பக்கத்தில் வரக்கூடாது, ஊசிப்போகும். தயிர்ச்சோற்றில் தயிர் ஒரு ஸ்பூன்தான், மீதி பால். சாயங்காலம் பிசைந்தது நடுராத்திரிக்குப் பதமாகத் தோய்ந்திருக்கும். நண்பன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்றாவது தூக்கை மட்டும் அம்மா திறக்கவில்லை.

அன்றைக்குக் கர்ண மோட்சம். எங்கள் பக்கம் அதைக் கருமாதிக்கும் வைப்பார்கள். மூணு வருஷம் முன்னால் அப்பா போனபோது, "கர்ண மோட்சம் வெச்சா அவருக்குப் பிடிக்கும்டா" என்று அம்மா ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். "அபார்ட்மென்ட்ல யாரும்மா கூத்து விடுவாங்க? அசோசியேஷன்ல சண்டைக்கு வருவாங்க" என்றேன். நியாயமான பதில்தான். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெற்றான். தோள்கட்டை, கிரீடம், முகம் முழுக்க அரிதாரம். அந்தக் கனத்தோடு கிறுகிறுவென்று சுற்றி ஆடியவர், பாட்டை இழுத்து இறக்கியபோது குரல் உடைந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் மிருதங்கக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கும் பார்க்கத் தைரியமில்லை.

கர்ணன் சாய்ந்தபோது கிழக்கே வெளுத்திருந்தது. அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, தூக்கைத் திறந்தாள். "உங்கப்பா கூத்து முடியாம வாய் வைக்கமாட்டாரு. முடிஞ்சதும் கேப்பாரு." எனக்கு ஒரு உருண்டை, நண்பனுக்கு ஒன்று. லேசாகப் புளித்திருந்தது.

"இதோட முடிஞ்சுதாம்மா?" என்றான் நண்பன்.

"இன்னிக்கு ராத்திரி பதினெட்டாம் போர். நாளைக்குக் காலையில படுகளம். துரியோதனனை மண்ணுல அம்மாம் பெருசா செஞ்சு படுக்க வெப்பாங்க."

நாளைக்குத் திங்கட்கிழமை. நண்பன் செல்போனை எடுத்தான். "சார், லேசா காய்ச்சல்..." என்று மேனேஜருக்கு டைப் அடித்தவன், நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"உனக்கு என்னன்னு போடட்டும்?"