முதலிடமும் முதல்தரமும்

"இந்த வாரம் முதலிடம் பெற்ற பாட்டு எது?" என்று கேட்கும் மாணவர் பலர். "அந்த இடத்தை அதற்கு அளித்தவர் யார்?" என்று கேட்பவர் மிகச் சிலர். முதலிடம் பெற்றதே முதல்தரமானது என்னும் நம்பிக்கை இளையோர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. அதனைக் களைவது ஆசிரியர் கடமை. மேலைநாட்டுப் பாப் இசையின் வரலாறே அதற்குச் சான்று பகரும்.

பிரிட்டனில் முதல் விற்பனை வரிசை 1952 நவம்பரில் வெளிவந்தது. 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழைச் சேர்ந்த ஒருவர் ஏறத்தாழ 20 இசைத்தட்டுக் கடைகளுடன் தொலைபேசியில் பேசி, கிடைத்த விடைகளைக் கூட்டி அதனை அமைத்தார். ஒரு நாட்டின் சுவை 20 கடைகளுக்குள் அடங்கிவிடுமா?

அமெரிக்காவில் 'பில்போர்ட்' இதழ் 1958 ஆகஸ்டில் நூறு பாடல் வரிசையைத் தொடங்கியது. அங்கும் நெடுங்காலம் கடைக்காரர் சொன்னதே கணக்கு. 1991இல் பட்டைக் குறியீட்டின்வழி உண்மை விற்பனையை எண்ணத் தொடங்கினர். உடனே 'கன்ட்ரி' இசைத்தொகுப்புகளும் 'ராப்' இசைத்தொகுப்புகளும் தொகுப்பு வரிசையில் மேலேறின. மக்கள் சுவையா ஒரே வாரத்தில் மாறிற்று? அன்று! எண்ணும் முறையே மாறிற்று.

இன்னும் கேளுங்கள். 1998 டிசம்பர் வரை, தனிப்பாடலாகக் கடையில் விற்கப்படாத பாட்டுக்கு அந்த நூற்றுள் இடமில்லை. முழுத்தொகுப்பையும் வாங்கச் செய்யும் நோக்கில், நிறுவனங்கள் சில பாடல்களைத் தனியே விற்காமல் நிறுத்திவைத்தன. 'நோ டவுட்' குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' 16 வாரம் வானொலி வரிசையின் தலையில் நின்றது. நூறு பாடல் வரிசையிலோ நூறாவது இடமும் அதற்குக் கிட்டவில்லை. நாடெல்லாம் கேட்ட பாட்டு, பட்டியலில் இல்லாத பாட்டாயிற்று!

வானொலியாவது நடுநிலை காத்ததா? பாடலை ஒலிபரப்ப அறிவிப்பாளர்க்குக் கையூட்டு அளிக்கும் வழக்கத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1959, 1960ஆம் ஆண்டுகளில் விசாரித்தது. புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீட் 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பணம் பெற்றதை அறிவிக்காமல் ஒலிபரப்புவது 1960இலேயே சட்டப்படி குற்றமாயிற்று. ஆயினும் 2005இல், இத்தகைய குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ளச் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் 1 கோடி டாலர் செலுத்த இசைந்தது. சட்டம் வந்தது, வழக்கம் போகவில்லை.

இன்று இணையவழிக் கேட்பும் கணக்கில் சேர்கிறது. ஸ்பாட்டிபையில் 30 நொடி ஒலித்தாலே ஒருமுறை கேட்டதாகும். அதுமட்டுமா? கட்டணம் செலுத்திக் கேட்பவரின் கேட்புக்கு, இலவசமாகக் கேட்பவரின் கேட்பைவிட மிகுந்த மதிப்பை 2018 முதல் பில்போர்ட் அளிக்கிறது. ஏழையின் செவி எடை குறைந்த செவி போலும்!

"மக்கள் விரும்பாத பாட்டு எவ்வளவு செலவிட்டாலும் வெல்லாதே" என்பர் சிலர். உண்மைதான். பெரும்பொருள் செலவிட்டும் தோற்ற பாடல்கள் பலவுண்டு. பட்டியலில் ஏறிய நல்ல பாடல்களும் உண்டு. அவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால், கேட்காத பாட்டை யார்தான் விரும்ப இயலும்? பணம் விருப்பத்தை விலைக்கு வாங்குவதில்லை. செவியின் வாயிலை வாங்கிவிடுகிறது. வாயிலுக்கு வெளியே நின்ற பாடல்கள் எத்தனையோ, அவற்றை எந்தப் பட்டியலும் எண்ணவில்லை.

இத்தகைய அளவுகோலைக் கொண்டே நம்மூர்ப் பாடலாசிரியரையும் கவிஞரையும் அளக்கத் தொடங்கிவிட்டோம். "எத்தனை பேர் கேட்டார்கள்?" என்பதே முதல் வினாவாகிவிட்டது. "என்ன சொன்னார்? எப்படிச் சொன்னார்?" என்னும் வினாக்கள் மறைந்து வருகின்றன. இலக்கியம் பயிலும் வகுப்பிற்கு இதனினும் பெரிய கேடு வேறில்லை.

ஆசிரியப் பெருமக்களே! பட்டியலைக் கொண்டுவரும் மாணவனைக் கடிந்து துரத்தாதீர்கள். எண்ணியவர் யார், எதனை எண்ணினார், எதனை விட்டார் என்று அவனைக் கேட்கச் செய்யுங்கள். பிறகு, பட்டியலில் இல்லாத ஒரு பாடலைக் கேட்கச் செய்து, அதன் நிறைகுறைகளை அவன் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். பட்டியல் விற்பனைக்கு வழிகாட்டலாம். சுவைக்கு நீதிபதி ஆகாது.